ஓதம் வற்றும் வரை எழுதிய பெண்

(எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் நான் ஆற்றிய உரை. கேட்டவர்கள் சிலர் எழுத்தில் வேண்டும் என்றார்கள். மேடையில் பேசிய வரிசையிலேயே தருகிறேன்.)

அவையோர் அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்னால் அழகாக வாழ்த்துரை வழங்கிய மகளிர் கல்லூரி முதல்வர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் ஆண்டுதோறும் நமக்குத் திறந்துவிடும் அரிசி ஆலை அண்ணாச்சி அவர்களே, கிளை நூலகர் அவர்களே, வாசகர் வட்டத்துத் தோழர்களே, இரண்டாவது வரிசையில் கைக்குழந்தைகளோடு வந்து அமர்ந்திருக்கும் என் பழைய மாணவிகளே, உங்கள் எல்லோருக்கும் என் அன்பு.

அண்ணாச்சியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போனால் நான் நன்றி கெட்டவள். இந்த வட்டம் தொடங்கிய காலத்தில் நமக்கு உட்கார இடம் கிடையாது. கோயில் மண்டபத்தில் கூடினோம். திருவிழா வந்தால் அதுவும் இல்லை. ஐப்பசி மழையில் ஒருநாள் பதினொரு பேர் நனைந்துகொண்டு நின்றபோது, ஆலையில் நெல் மூட்டைகளை ஒருபக்கம் ஒதுக்கி, சாக்கு விரித்து, "உள்ளே வந்து பேசுங்கள்" என்றவர் அவர். அன்று முதல் இன்று வரை அந்தக் கதவு நமக்கு அடைக்கப்படவில்லை. மருத்துவர் ஐயாவும் அப்படித்தான். அவருடைய காத்திருப்பு அறையில் பழைய வார இதழ்களுக்குப் பதில் நல்ல புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறார். காய்ச்சலோடு போனவர்கள் கதை படித்துவிட்டு வருகிறார்கள். நகர்மன்றத் தலைவர் அம்மையார் இன்று இரண்டு நிகழ்ச்சிகளைத் தள்ளி வைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறார். அவர் வந்தது என் பேச்சுக்கு மிகவும் தேவை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு: முதலாம் எலிசபெத், அரியணையும் மணவறையும். இங்கிலாந்தை 1558 முதல் 1603 வரை, நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆண்ட அரசி. ஆணின் துணை இல்லாமல் ஒரு பெண் ஆளவே முடியாது என்று ஐரோப்பா முழுவதும் நம்பிய காலத்தில் தனியாக ஆண்டவர். அவர் அதிகாரத்தைக் காப்பாற்றியது எப்படி என்பதை மூன்று செய்திகளாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்று சமயம், இரண்டு பணம், மூன்று திருமணம்.

எங்கள் ஆச்சி ஒரு பழமொழி சொல்வார். என் வகுப்பில் படித்தவர்களுக்கு அது மனப்பாடம். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். ஆச்சி வீட்டில் உண்மையாகவே இரண்டு பசுக்கள் இருந்தன. ஒன்று பாட்டுக் கேட்டால்தான் நிற்கும். மற்றொன்றுக்குப் பாட்டுக் கேட்டால் கோபம் வரும். இன்று பேசப்போகும் அரசியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சியின் தொழுவம்தான் கண்முன் வருகிறது.

முதலில் அந்தக் குழந்தை பிறந்த கதை. 1533 செப்டம்பர் 7, கிரீனிச் அரண்மனை. தந்தை எட்டாம் ஹென்றி. ஆண் வாரிசு வேண்டும் என்பதற்காக முதல் மனைவியை விலக்கி, போப்பாண்டவரோடு உறவை முறித்து, ஆன் பொலினை மணந்தவர். மகன்தான் பிறப்பான் என்ற நம்பிக்கையில் அயல்நாடுகளுக்கு அனுப்ப வேண்டிய கடிதங்களை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள். 'இளவரசன்' என்று எழுதியாயிற்று. பிறந்தது பெண். அந்தச் சொல்லின் பக்கத்தில் ஓர் எழுத்தை இடுக்கி நுழைத்து 'இளவரசி' ஆக்கினார்கள். பெண் பிறந்தால் முகம் வாடுகிற வீடுகளை நமக்குத் தெரியும். அந்த வாட்டம் ஒரு கடிதத்தில் மையாலேயே பதிந்து கிடக்கிறது.

1536 மே 19 அன்று ஆன் பொலினின் தலை வெட்டப்பட்டது. குழந்தைக்கு வயது இரண்டு ஆண்டு எட்டு மாதம். அதே ஆண்டு அவள் முறையான வாரிசு அல்ல என்று சட்டம் சொன்னது. பிறகு வந்த சிற்றன்னையரில் கேதரின் ஹோவர்டின் தலையும் உருண்டது. அப்போது எலிசபெத்துக்கு எட்டு வயது. ஜேன் சீமோர் பிள்ளை பெற்ற சில நாளில் இறந்தார். கடைசிச் சிற்றன்னை கேதரின் பார், ஹென்றி இறந்த பிறகு மறுமணம் செய்து, அவரும் பிள்ளைப்பேற்றிலேயே மறைந்தார். திருமணம் என்ற சொல்லுக்கு அந்தச் சிறுமி கண்ணால் கண்ட பொருள் இவ்வளவுதான். அவர் ஏன் மணம் செய்துகொள்ளவில்லை என்று வரலாற்று ஆசிரியர்கள் நூறு விதமாக எழுதியிருக்கிறார்கள். இந்தச் சாவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவற்றைப் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் கேதரின் பார் ஒரு நல்ல காரியம் செய்தார். பிள்ளையின் படிப்பில் கவனம் வைத்தார். வில்லியம் கிரிண்டல், அவருக்குப் பிறகு ரோஜர் ஆஸ்கம் என்று கேம்பிரிட்ஜில் கற்ற பெரும் புலமையாளர்கள் ஆசிரியர்களாக வாய்த்தார்கள். ஆஸ்கமின் பாட முறையைக் கேளுங்கள். லத்தீன் பகுதி ஒன்றை ஆங்கிலத்தில் எழுதச் சொல்வார். மூல நூலை மூடி வைத்துவிட்டு, சிறிது நேரம் கழித்து, அந்த ஆங்கிலத்தைத் திரும்ப லத்தீனாக்கச் சொல்வார். பிறகு மூலத்தைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இந்த முறையை நான் என் வகுப்பில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பல ஆண்டுகள் செய்து பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லின் எடையும் கையில் தெரிந்துவிடும். எலிசபெத் பதினோரு வயதில் பிரெஞ்சுக் கவிதை நூல் ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்து, தன் கையாலேயே அட்டையில் பூவேலை செய்து, சிற்றன்னைக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தார். லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, இத்தாலியம் எல்லாம் அந்த வயதுகளிலேயே வந்துவிட்டன.

இந்தப் படிப்பு எதற்கு உதவியது? அதைச் சொல்லத்தான் நான் இன்று வந்திருக்கிறேன். கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய கதை, பொறுமையாகக் கேளுங்கள்.

1554ஆம் ஆண்டு. அரியணையில் இருப்பவர் மூத்த சகோதரி மேரி. கத்தோலிக்கர். ஸ்பெயின் இளவரசர் பிலிப்பை மணக்கப் போகிறார். அந்நியன் வந்து நம்மை ஆளப்போகிறான் என்று தாமஸ் வயட் என்பவர் கலகம் செய்தார். கலகம் தோற்றது. அரண்மனையில் எல்லோருடைய சந்தேகமும் தங்கை எலிசபெத் மேல் திரும்பியது. வயட் அவருக்குக் கடிதம் எழுதினாராம், அவர் பதில் எழுதினாராம் என்று பேச்சு. ஐந்து வாரம் முன்புதான், பிப்ரவரி 12 அன்று, மேரிக்குப் பதில் சிலர் அரசியாக்கப் பார்த்த ஜேன் கிரே என்ற சின்னப் பெண்ணை லண்டன் டவர் கோட்டைக்குள் வெட்டியிருந்தார்கள். எலிசபெத்துக்கு வயது இருபது. அந்தக் கோட்டைக்குள்தான் அம்மாவும் செத்தார்.

மார்ச் 17, சனிக்கிழமை. வைட்ஹால் அரண்மனைக்கு வின்செஸ்டர் பிரபுவும் சசெக்ஸ் பிரபுவும் வந்தார்கள். "படகு காத்திருக்கிறது, கோட்டைக்குப் புறப்பட வேண்டும், ஓதம் இப்போது சரியாக இருக்கிறது" என்றார்கள்.

இந்த ஓதம் என்ன என்று நம் ஊர் முகத்துவாரத்தில் படகு ஓட்டுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேம்ஸ் ஆற்றிலும் கடல் நீர் ஏறும், வற்றும். அரண்மனை ஆற்றின் மேற்புறம், கோட்டை கீழ்ப்புறம், நடுவில் பழைய லண்டன் பாலம். அது கிட்டத்தட்ட ஓர் அணைபோல நின்ற பாலம். பருத்த தூண்கள், தூண்களுக்கு இடையில் ஒடுங்கிய கண்கள். ஓதம் வற்றும்போது அந்தக் கண்களின் வழியே தண்ணீர் அருவியாகக் கொட்டும். எத்தனையோ படகுகள் கவிழ்ந்து ஆட்கள் செத்த இடம் அது. ஆகவே நீர் சரியாக இருக்கும் கொஞ்ச நேரத்தில்தான் பாலத்தைக் கடக்க முடியும். தவறவிட்டால் அடுத்த ஓதம்தான்.

எலிசபெத் அழவில்லை. காலில் விழவில்லை. "அக்காவைப் பார்க்க வேண்டும்" என்றார். முடியாது என்றார்கள். "அப்படியானால் ஒரு கடிதம் எழுத அனுமதியுங்கள்" என்றார். வின்செஸ்டர் மறுத்துவிட்டார். ஆனால் சசெக்ஸ் பிரபு மனம் இளகினார். அவர் முழங்காலிட்டு, எழுத உமக்கு உரிமை உண்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்துப் பதில் வாங்கி வருகிறேன் என்றார். உயிர் போகும் நேரத்தில் ஒரு பெண் கேட்டது தாளும் பேனாவும்!

எழுதத் தொடங்கினார். அந்தக் கடிதம் இன்றும் லண்டன் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அது எப்படித் தொடங்குகிறது தெரியுமா? ஒரு பழமொழியோடு தொடங்குகிறது. மற்றவன் இடும் சத்தியத்தைவிட அரசன் சொன்ன சொல் பெரிது என்ற பழைய வாக்கை யாரேனும் சோதித்துப் பார்த்திருந்தால், அதை என் விஷயத்தில் மெய்யாக்குங்கள் என்று அக்காவைக் கேட்கிறார். விசாரிக்காமல் என்னைத் தண்டிக்க மாட்டேன் என்று நீங்கள் வாக்குக் கொடுத்தீர்களே, நினைவிருக்கிறதா என்கிறார். அடுத்து நாடே அறிந்த ஒரு நிகழ்ச்சியை எடுக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் சாமர்செட் பிரபு தன் சொந்தத் தம்பிக்கே மரண தண்டனை கொடுத்தவர். 'தம்பியை என் முன்னால் வந்து பேச விட்டிருந்தால் அவன் செத்திருக்க மாட்டான்' என்று அவரே பின்னர் வருந்தியதை நான் கேட்டேன், ஒரு சகோதரனுக்கு நேர்ந்தது ஒரு சகோதரிக்கு நேர வேண்டாம் என்று எழுதுகிறார். வழக்கறிஞர்கள் இங்கே இருக்கிறீர்கள். இருபது வயதில், வாசலில் காவலர் நிற்க, இப்படி வாதம் அடுக்க முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

முதல் பக்கம் நல்ல எழுத்து. இரண்டாம் பக்கத்தில் பதற்றம் தெரிகிறது. பிழைகளும் அடித்தல்களும் கூடுகின்றன. கடிதம் அந்தப் பக்கத்தின் மேற்பகுதியிலேயே முடிந்துவிட்டது. கீழே நிறைய இடம் காலி. அந்த இடத்தில் யாராவது என் கையெழுத்தைப் போலவே நாலு வரி சேர்த்துவிட்டால்? குற்றத்தை நானே ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடுமே! எலிசபெத் அந்தக் காலி இடம் முழுவதும் குறுக்குச் சாய்வாகக் கோடு கோடாக இழுத்தார். ஒரு சொல்கூட நுழைய முடியாமல் அடைத்துவிட்டு, அடியில் ஒரு வரி: உங்கள் கையால் ஒரே ஒரு சொல் பதில் வேண்டுகிறேன். அதற்குக் கீழே கையொப்பம்.

அம்மா, சகோதரிகளே, நம் வீடுகளில் எத்தனை பெண்கள் சொத்துப் பத்திரத்தில் காலி இடத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆயுள் முழுவதும் வருந்தினார்கள்! அந்தக் கோடுகளின் படத்தை நான் பெரிதாக்கி வகுப்பில் மாட்டியிருந்தேன். படிப்பு என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு அதைக் காட்டுவேன்.

சரி, கடிதம் முடிந்தது. படகுக்காரர்கள் வந்தார்கள். ஓதம் வற்றிவிட்டது! பாலத்தைக் கடக்க முடியாது. அடுத்த ஓதம் நள்ளிரவில். இருட்டில் யாராவது வந்து மீட்டுக்கொண்டு போய்விடுவார்களோ என்று பிரபுக்களுக்கு அச்சம். காலைவரை காத்திருந்தார்கள். பேனாவைக் கொண்டு ஒரு முழு நாளைச் சம்பாதித்துவிட்டார். மேரி அரசிக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. 'என் தந்தை இருந்தால் உங்களுக்கு இந்தத் துணிச்சல் வருமா, ஒரு மாதமாவது அவர் உயிரோடு வந்தால் தெரியும்' என்று பிரபுக்களைத் திட்டித் தீர்த்தார். பதில் எழுதவில்லை. மறுநாள் குருத்தோலை ஞாயிறு. ஊரெல்லாம் கோயிலில் இருக்கும் நேரமாகப் பார்த்து, மழையில், படகில் கொண்டுபோனார்கள்.

இரண்டு மாதம் கோட்டையில் வைத்து விசாரித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. வயட் வெட்டுமேடையில் நின்று அவர் குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டுச் செத்தார். மே 19 அன்று எலிசபெத்தை வெளியே கொண்டுவந்து வுட்ஸ்டாக்கில் காவலில் வைத்தார்கள். தேதியைக் கவனித்தீர்களா? அம்மா செத்த அதே மே 19.

அக்காவின் ஆட்சியில் அதன் பிறகும் நாலரை ஆண்டு எலிசபெத் பிழைத்திருந்தார். கேட்டால் பதில், கேட்காவிட்டால் மௌனம். கத்தோலிக்கப் பூசைக்கு வா என்றால் போனார். ஆடிக் கறக்கிற இடத்தில் ஆடினார். 1558 நவம்பர் 17 அன்று மேரி மறைந்தார். இருபத்தைந்து வயதில் எலிசபெத் அரசியானார்.

முதலில் செய்த காரியம் வில்லியம் செசிலைச் செயலராக அமர்த்தியது. "எந்தப் பரிசுக்கும் விலைபோக மாட்டீர் என்று உம்மைப் பற்றி நினைக்கிறேன். என் சொந்த விருப்பம் எதுவானாலும் அதைப் பாராமல், சரியென்று படுகிற ஆலோசனையைச் சொல்வீர்" என்றார். செசில் சாகும்வரை, நாற்பது ஆண்டு, பக்கத்தில் இருந்தார். ஆளைத் தேர்ந்தெடுக்கும் அறிவும் பிடித்த ஆளை விடாத உறுதியும் ஆட்சியில் பாதி.

சமயம் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். 1559 சட்டத்தில் திருச்சபைக்குத் தலைவர் என்று தன்னை அழைத்துக்கொள்ளவில்லை. 'உச்ச ஆளுநர்' என்ற சொல்லைப் போட்டார். பெண் எப்படிச் சபைக்குத் தலையாக முடியும் என்று கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் இரு தரப்பும் முணுமுணுத்தபோது ஒரு சொல்லை மாற்றி அந்த முணுமுணுப்பைத் தணிக்கப் பார்த்தார். சொல்லின் எடை தெரிந்த கை அது. பின்னாளில், 1570இல் போப்பாண்டவர் அவரைச் சபையிலிருந்து விலக்கிய பிறகு, கத்தோலிக்கக் குருமார்கள் மீது கொடுமை நடந்தது. அதை மறைக்கவும் கூடாது. சமயம் இவ்வளவு போதும், திருமணத்துக்கு வருகிறேன்.

1559 பிப்ரவரி. முடிசூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மக்கள் அவை முதல் வேலையாக மனுக் கொடுத்தது: மகாராணி விரைவில் திருமணம் செய்துகொள்ள வேண்டும். பட்டம் வாங்கிய மறுநாள் "வரன் பார்க்கிறார்களா?" என்று கேட்கும் உறவினர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. எலிசபெத் கோபப்படவில்லை. மனுவில் ஆள் பெயர் குறிப்பிடாததற்கு நன்றி சொன்னார். கடவுள் சித்தமானால் செய்துகொள்வேன் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தார். முடிவில் சொன்னார்: "இத்தனை காலம் ஆண்ட ஓர் அரசி, கன்னியாகவே வாழ்ந்து கன்னியாகவே இறந்தாள் என்று ஒரு சலவைக்கல் சொல்லுமானால், எனக்கு அது போதும்."

ஏன் இந்தத் தயக்கம்? யாரை மணந்தாலும் ஆபத்து. வெளிநாட்டவனை மணந்தால் மேரிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். கணவன் பிலிப்புக்காகப் பிரான்சோடு போர், 1558 ஜனவரியில் கலே துறைமுகம் போயிற்று. இருநூறு ஆண்டுக்கு மேல் இங்கிலாந்து வைத்திருந்த இடம். உள்நாட்டுப் பிரபுவை மணந்தால் மற்றப் பிரபுக்கள் பகை. ஸ்காட்லாந்து அரசி மேரி ஸ்டூவர்ட் அதைச் செய்து காட்டினார். 1565இல் டார்ன்லி பிரபுவை மணந்தார், 1567 பிப்ரவரியில் டார்ன்லி கொலை, மே மாதம் பாத்வெல் பிரபுவோடு திருமணம், ஜூலையில் முடி போயிற்று. இரண்டே ஆண்டு! அவரும் படித்தவர்தான், அழகும் துணிச்சலும் உடையவர். சொல்வார் பேச்சைக் கேட்காமல் அவசரப்பட்டுவிட்டார்.

எலிசபெத்தைக் கேட்டு வந்தவர்களோ ஒரு பட்டியல். அக்காவின் கணவர் பிலிப்பே கேட்டார். சுவீடன் மன்னர் எரிக், ஆஸ்திரியாவின் சார்லஸ், பிரான்சின் இளவரசர்கள். பெரும்பாலும் நேராக 'இல்லை' கிடையாது. கடைசிவரை நிற்கிற 'ஆம்' என்ற சொல்லும் கிடையாது. சார்லஸோடு பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் நடந்தது. பேச்சு நடக்கும் வரை அந்த நாடு படை எடுக்காது அல்லவா! ஸ்பெயினுக்கு ஒரு பாட்டு, பிரான்சுக்கு ஒரு பாட்டு. ஆச்சியின் தொழுவத்தில் இரண்டு மாடு. எலிசபெத்தின் தொழுவத்தில் ஐரோப்பா முழுவதும்.

மனதுக்குப் பிடித்தவர் இல்லாமல் இல்லை. ராபர்ட் டட்லி. ஆனால் அவர் மணமானவர். 1560 செப்டம்பர் 8 அன்று அவருடைய மனைவி ஏமி வீட்டுப் படிக்கட்டின் அடியில் கழுத்து முறிந்து கிடந்தார். விபத்து என்று விசாரணை சொன்னது, ஊர் நம்பவில்லை. அந்த நாளில் டட்லியை மணந்திருந்தால் எலிசபெத்தின் கதை மேரி ஸ்டூவர்ட் கதையாக முடிந்திருக்கும். மனதை அடக்கிக்கொண்டார். ஒருமுறை டட்லி வரம்பு மீறி அதிகாரம் காட்டியபோது, "இங்கே ஒரு தலைவிதான் உண்டு, தலைவன் கிடையாது" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னதாக ராபர்ட் நாண்டன் என்ற அரசவையாளர் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

1562 அக்டோபரில் பெரியம்மை கண்டு சாகும் நிலைக்குப் போய் மீண்டார். வாரிசு இல்லாத அரசி செத்தால் உள்நாட்டுப் போர்தான் என்று எல்லோருக்கும் கலக்கம். 1566இல் மக்கள் அவை வரிப் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு திருமணத்துக்கும் வாரிசுக்கும் நெருக்கியது. இரு அவைகளின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசிய பேச்சில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை மெதுவாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். "உடுத்திய உள்பாவாடையோடு என்னை இந்த நாட்டைவிட்டு வெளியே தள்ளினாலும், கிறிஸ்தவ உலகில் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளும் தகுதிகளைக் கடவுள் எனக்குக் கொடுத்திருக்கிறார், அதற்கு நன்றி."

முடியை எடுத்துவிடு, அரண்மனையை எடுத்துவிடு, நகையை எடுத்துவிடு. மிஞ்சுவது என்ன? அந்த லத்தீனும் கிரேக்கமும், ஆஸ்கம் திருத்திக் கொடுத்த வாக்கியங்களும், கோடு இழுத்து இடத்தை அடைக்கத் தெரிந்த அறிவும். கற்றவர்களுக்குச் சென்ற இடமெல்லாம் சிறப்பு என்று நாம் சொல்கிறோம்; சிங்காதனத்தில் இருந்துகொண்டே அதைச் சொன்னவர் எலிசபெத்.

எல்லாம் சரியாகச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். தன் திருமணத்தில் பிறர் தலையிடக் கூடாது என்ற அவர், தன்னைக் கேட்காமல் மணந்த உறவுப் பெண் கேதரின் கிரேயைச் சிறையில் வைத்தார். அந்தப் பெண் காவலிலேயே இறந்தாள். 1579இல், நாற்பத்தைந்து வயதில், தன்னைவிட இருபத்தொரு வயது இளையவரான பிரெஞ்சு இளவரசர் அலான்சோனை மணக்க எண்ணியபோது, அதை எதிர்த்து எழுதிய ஜான் ஸ்டப்ஸின் வலக்கையை வெட்ட வைத்தார். வெட்டிய உடன் ஸ்டப்ஸ் இடக்கையால் தொப்பியைக் கழற்றி "கடவுள் அரசியைக் காக்க" என்று கூவிவிட்டு மயங்கி விழுந்தார். எழுதத் தெரிந்ததால் உயிர் பிழைத்தவர் எழுதிய கையை வெட்டினார் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அந்தத் திருமணமும் நடக்கவில்லை. 1581 நவம்பரில் எல்லோர் முன்னும் முத்தம் கொடுத்து மோதிரமும் மாற்றிக்கொண்டார். ஓர் இரவு கழிந்ததும் இல்லை என்றார். அதுதான் கடைசி.

1600 டிசம்பர் 31 அன்று அவர் முத்திரையிட்ட ஒரு பட்டயத்தையும் நாம் மறக்க முடியாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டயம். நாற்பது ஆண்டுக்குள் அந்தக் கம்பெனி நம் கிழக்குக் கரையில் கோட்டை கட்ட வந்துவிட்டது. அந்தக் கணக்குத் தனிக் கூட்டத்துக்கு உரியது. பணத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னதையும் அந்தக் கூட்டத்திலேயே வைத்துக்கொள்வோம்.

இன்னும் ஒரே ஒரு நிகழ்ச்சி. 1597 ஜூலை, கிரீனிச். அரசிக்கு வயது அறுபத்து மூன்று. போலந்து மன்னரின் தூதர் வந்தார். நன்றியும் வணக்கமும் சொல்வார் என்று அவை காத்திருக்க, அவர் நீண்ட லத்தீன் உரையில் அரசியை முகத்துக்கு நேரே குற்றம் சாட்டினார். அமைச்சர்கள் திகைத்தார்கள். எலிசபெத் எழுந்தார். குறிப்பு இல்லை, மொழிபெயர்ப்பாளர் இல்லை. அதே லத்தீனில், நின்றபடியே, அந்தத் தூதர் வாயடைக்கும்படி பதில் சொன்னார். பிறகு அவையினரிடம், "நெடுநாள் துருப்பிடித்துக் கிடந்த என் பழைய லத்தீனை இன்று துலக்க வேண்டியதாயிற்று" என்றார். பாடிக் கறக்கிற மாட்டுக்கு வேறு பாட்டு, முட்ட வருகிற மாட்டுக்கு வேறு பாட்டு. இரண்டும் தெரிந்திருந்தது, ஏனென்றால் சிறு வயதில் உட்கார்ந்து படிக்க ஓர் அறையும் சொல்லிக்கொடுக்க ஆளும் அவருக்குக் கிடைத்தார்கள்.

அந்த அறையைப் பற்றித்தான் இப்போது பேசப் போகிறேன். நகர்மன்றத் தலைவர் அம்மையார் வந்தது தேவை என்று சொன்னேனே, அது இதற்குத்தான்.

நம் கிளை நூலகத்தின் மாடியில் பெண்களுக்கென்று ஒரு வாசிப்பு அறை இருந்தது. இரண்டு நீள மேசை, ஒரு மின்விசிறி, தெருவைப் பார்த்த ஜன்னல். என் மாணவிகள் பலர் போட்டித் தேர்வுக்கு அங்கே படித்தார்கள். இப்போது அந்த அறையில் உடைந்த நாற்காலிகளும் பழைய பதிவேடுகளும் அடுக்கிக் கிடக்கின்றன. கதவில் பூட்டு. யாரால் ஆயிற்று என்று சொல்ல நான் வரவில்லை. நூலகர் அவர்கள் கையில் இருந்தால் நாளையே திறந்துவிடுவார். அவருடைய ஆர்வம் எனக்குத் தெரியும்.

போன மாதம் பஸ்ஸில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் மாணவி. கல்லூரி இரண்டாம் ஆண்டில் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். வரலாற்றில் கெட்டிக்காரி. மடியில் குழந்தை. "டீச்சர், தொலைதூரக் கல்வியில் மீதியைக் கட்டியிருக்கிறேன். வீட்டில் புத்தகம் எடுத்தால் ஏதாவது வேலை வந்துவிடுகிறது. சாயங்காலம் இரண்டு மணி நேரம் உட்கார ஓர் இடம் இருந்தால் முடித்துவிடுவேன்" என்றாள். அரண்மனை கேட்கவில்லை. இரண்டு மணி நேரமும் ஒரு மேசையும் கேட்டாள். என் நிறுத்தம் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை.

பெற்றோர்களே, பட்டம் கையில் வரும்வரை பெண்ணிடம் திருமணப் பேச்சை எடுக்காதீர்கள். அவளே பதில் சொல்லட்டும், அவள் சொற்களில், அவளுக்கு வேண்டிய நேரத்தில். ஐரோப்பாவின் மன்னர்கள் இருபது ஆண்டு காத்திருந்தார்கள். நம் உறவினர்கள் மூன்று ஆண்டு காத்திருக்கலாம்.

அம்மையார் அவர்களிடம் கேட்பது நான்கு காரியம். மாடி அறையைக் காலி செய்து திறக்க வேண்டும். இரவு எட்டு மணிவரை திறந்திருக்க வேண்டும். மாடிப்படியில் ஒரு விளக்கு வேண்டும். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். மேசை பழுதுபார்க்கும் செலவைத் தான் ஏற்பதாக அண்ணாச்சி இப்போதுதான் என் காதில் சொன்னார். அவர் அனுமதியோடு மேடையிலேயே அறிவித்துவிடுகிறேன்.

மனு வாசலுக்கு இடப்பக்கம் மேசையில் இருக்கிறது. மூன்று பேனா வைத்திருக்கிறேன். வாசகத்தை முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கடைசிப் பக்கத்தில் மிஞ்சிய இடத்தில் நானே குறுக்குக் கோடு இழுத்து வைத்திருக்கிறேன். எட்டே முக்கால் பஸ் வரும்வரை அங்கேதான் நிற்பேன்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.